சூழற்றொகுதிச் சேவை: பொருளும் பொருத்தமான தமிழும்

காடும் மண்ணும் நீரும் அவற்றில் வாழும் உயிர்களும் சேர்ந்து இயங்குவதால் மனிதருக்குக் கிடைக்கும் நன்மைகளே சூழற்றொகுதிச் சேவைகள். சூழற்றொகுதியைக் குறிக்கும் 'ஈக்கோசிஸ்டம்' என்ற ஆங்கிலச் சொல்லை 1935இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி எழுத்தில் கொண்டுவந்தார். அதன் முற்பகுதி, வீட்டைக் குறிக்கும் 'ஒய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் இலங்கைப் பாடநூல்கள் சூழல், தொகுதி என்ற இரண்டையும் புணர்த்திச் 'சூழற்றொகுதி' என்றன. தமிழ்நாட்டில் 'சூழல் மண்டலம்' என்பார்கள். 'சேவை' பின்னர் ஒட்டிக்கொண்டது. 2005இல் வெளியான ஐ.நா. முன்னெடுத்த ஆயிரமாண்டுச் சூழற்றொகுதி மதிப்பீடு அதை வழங்கல், ஒழுங்காக்கல், பண்பாடு, ஆதாரம் (மற்ற மூன்றையும் தாங்குவது) என நான்காகப் பிரித்தது.

சிக்கல் 'சேவை'யில்தான் இருக்கிறது. கொழும்பில் சேவை என்றால் பஸ் சேவை, தபால் சேவை. காசு கட்டுகிறவருக்குக் கிடைப்பது அது. அதற்குப் பதிலாகக் 'கொடை' என்றால் கேட்க இனிமைதான். ஆனால் கொடைக்குப் பராமரிப்பு தேவையில்லை, காட்டுக்குத் தேவை. ஆகவே 'இயற்கைப் பயன்' என்பதே பொருத்தம். பயன் என்றதும், யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ('பயனாளி' மட்டும் வேண்டாம். அது அரசாங்கக் கொடுப்பனவு பெறுகிறவரின் பெயராகிவிட்டது.)

மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பீலியை (ஊற்று நீர் வந்து விழும் குழாயை) பாருங்கள். மலைச்சரிவில் கசியும் ஊற்றை மூங்கில் பிளவாலோ பி.வி.சி. குழாயாலோ திருப்பி விடுகிறார்கள். குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் அதே தண்ணீர். மேலே காடு இருந்தால் சருகும் வேரும் மழையைத் தடுத்து மண்ணுக்குள் இறக்கும். அந்த நீர் மெல்ல ஊறி, மழை ஓய்ந்த மாசி, பங்குனியிலும் பீலியில் விழும். காட்டை வெட்டினால் மழைநீர் மேலோடு ஓடிவிடும். மாரியில் கலங்கல், கோடையில் நூலாக ஒழுகும் தண்ணீர். ஊற்றுக்கருகே யூக்கலிப்டஸ் நட்டாலும் நீர் குறையும். ஊற்றுக்கு மேற்புறம் மலக்குழி வெட்டினால் வயிற்றோட்டம் வரும். 30 மீற்றராவது விலகி, ஊற்றுக்குக் கீழ்ப்புறமாக வெட்டுவதே முறை. ஊற்றுக்கண்ணைக் கல்லும் சீமெந்தும் கொண்டு மூடி, மேலே ஒரு வெட்டுக்கான் எடுத்து மழைநீரைத் திருப்பிவிட வேண்டும்.

அடுப்புக்குக் கவ்வாத்து மிலாறு (வெட்டிக் கழித்த தேயிலைக் கிளைகள்), கறிக்கு வல்லாரை, மாட்டுக்குப் புல், இவையெல்லாம் வழங்கற் பயன்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசைவீட்டுக்கு) மேலே மரத்தடியில் நிற்கும் காவல் தெய்வம் முனியாண்டி பண்பாட்டுப் பயன்.

ஒழுங்காக்கற் பயன் கண்ணுக்குத் தெரியாது, இல்லாமற்போனால்தான் தெரியும். வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கென்று சரிவைச் செங்குத்தாக வெட்டி, வடிகானை அடைத்தால் மண் நீரில் ஊறிப் பாரமேறிச் சரியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கில் 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். மழைமானி இல்லாத இடத்திலும் அறிகுறிகள் உண்டு. தரையில் வெடிப்பு விழும், மரம் சாயும், பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும். கண்டவுடன் இறங்கிவிட வேண்டும். பொருள் எடுக்கத் திரும்பக்கூடாது.

இந்தப் பயன்கள் சேர்ந்து தருவது 'நல்வாழ்வு', ஆங்கிலத்தில் 'வெல்பீயிங்'. அதை 'நலன்புரி' என்று மொழிபெயர்ப்பது தவறு. நலன்புரி உதவித் திட்டத்தைக் குறிக்கும். அந்த 2005 மதிப்பீடு நல்வாழ்வில் பாதுகாப்பு, அடிப்படைப் பொருள், உடல்நலம், நல்லுறவு, தெரிவுச் சுதந்திரம் என ஐந்தைச் சேர்த்தது. கடைசியது மலையகத்தில் மிகவும் மெலிந்தது. நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பம், ஊற்றுக்கு மேலே எந்த மரம் நிற்கலாம் என்று தீர்மானிக்க முடியாது. அதே மலைகளின் கெஹெல்கமு, மஸ்கெலியா ஓயாக்கள் (ஆறுகள்) சேர்ந்து களனி கங்கையாகின்றன. கொழும்புக்கு அருகே அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, நகரின் வெள்ளவத்தைக் குழாயிலும் கொட்டாஞ்சேனைக் குழாயிலும் வருவது அந்த நீர்தான். காட்டைக் காப்பதற்கான செலவில் கொழும்புக்கும் பங்கிருக்க வேண்டும்.

பரீட்சையிலும் அரச அறிக்கையிலும் 'சூழற்றொகுதிச் சேவைகள்' என்றே எழுதுங்கள், கலைச்சொல் அதுதான். தோட்டத்தில் கூட்டம் நடத்துகிறவர்கள் 'காட்டால் நமக்கு வரும் பயன்' என்று சொல்லிவிட்டு, பீலியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.