குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் கைவிட்டால்: முதலில் வழக்கு, அப்புறம்தான் புகார்

"வக்கீல் ஏமாத்திட்டார், ஜட்ஜ்கிட்டயே சொல்லிடப் போறேன்" என்று குடும்ப நீதிமன்ற வாசலில் நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சொல்லலாம், அவரும் கேட்பார். ஆனால் வக்கீலின் உரிமத்தைப் பறிப்பது அவர் வேலை இல்லை. 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவுப்படி அது வக்கீல்களைப் பதிவு செய்து அவர்கள் ஒழுக்கத்தைக் கவனிக்கும் மாநில பார் கவுன்சிலின் வேலை. நீதிமன்றத்தால் முடிந்தது வேறு: வக்கீலால் கெட்டுப்போன உங்கள் வழக்குக்குத் திரும்ப உயிர் கொடுப்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இரண்டுமே போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் அவருடைய வக்கீல் "நீங்க அலைய வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். வாய்தாவுக்கு அவரும் போகவில்லை. எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது இவர் தரப்பு வராமலே ஒருதலையாக, விவாகரத்தே முடிந்துவிட்டது, இவருக்குத் தெரியவந்தது யாரோ சொல்லி. கோபத்தில் பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதி மாதக்கணக்கில் அதன் பின்னால் அலைந்தார், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனு மட்டும் போடவே இல்லை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால் மட்டும், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். ஜீவனாம்ச வழக்கில் எக்ஸ்பார்ட்டி உத்தரவு என்றால் 3 மாதம். தாண்டிவிட்டதா, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு கூடவே ஒரு மனு. அதில் "வக்கீல் சொல்லவில்லை" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நம்பி உட்காராதீர்கள். வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981லேயே சொன்னது உண்மைதான், ஆனால் இப்போதெல்லாம் "இத்தனை நாள் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் தேதி கேட்டது, அவர் "எல்லாம் சரியா போகுது" என்றது, பணம் அனுப்பிய ரசீது, இவைதான் உங்கள் பதில். எதையும் அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதற்குள் மறுமணம் செய்துகொண்டுவிட்டால் சிக்கல் பல மடங்கு, அதனால் நாள் கடத்தவே கூடாது.

இந்த நிலைக்கு வராமலிருக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே அடுத்த தேதியைப் பாருங்கள், இலவசம்தான். "ஃபைல் பண்ணியாச்சு" என்பார், எண் கேட்டால் மழுப்புவார் என்றால் நீதிமன்றத்தில் மனுவுக்கு இன்னும் நம்பரே கொடுக்காமல் கிடக்கலாம், போடப்படாமலே கூட இருக்கலாம்.

வக்கீலை மாற்றப் போனால் அடுத்த அலைச்சல். பழையவர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடாமல் புதியவர் வழக்குக் கட்டைத் தொட மாட்டார், பழையவரோ பாக்கி ஃபீஸ் வந்தால்தான் அந்தக் காகிதக் கட்டு என்பார். ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். அசையவில்லை என்றால் நீதிமன்ற அனுமதியோடு வக்காலத்தை (உங்களுக்காக வாதாட வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மாற்றலாம், ஆவணங்களுக்கு நகல் மனு போட்டு நீதிமன்றத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கையில் பணம் இல்லாத பெண்களுக்கு: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் 1987ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

இப்போது புகார். வழக்கில் தோற்றது புகாருக்குக் காரணம் ஆகாது, அப்படி எழுதினால் அங்கேயே முடிந்தது. பணம் வாங்கிக்கொண்டு மனுவே போடாதது, உங்களுக்கு வந்த ஜீவனாம்சத் தொகையை வைத்துக்கொண்டது, எதிர்த்தரப்போடு கைகோத்தது, பொய்யாக உத்தரவு நகல் தயாரித்தது, கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசியது, இதெல்லாம் எடுபடும். போனில் சொன்னால் நடக்காது, கையெழுத்திட்டு உறுதிமொழியோடு மனுவாகவே தர வேண்டும், கட்டணமும் உண்டு. தமிழிலேயே எழுதலாம், ஆங்கிலத்தில் எழுத ஆள் தேடிச் செலவழிக்காதீர்கள்.

ஒரு வருடத்தில் விசாரணை முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்கிறது சட்டம். தானாக எங்கே நகர்கிறது? தேதியைக் குறித்து வைத்து நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். நடுவில் "சமாதானமா போயிடலாம்" என்று ஆள் வரும். வாபஸ் வாங்கியதாலேயே விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதி இருந்தாலும், நீங்கள் போகாவிட்டால் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

கண்டனம், தற்காலிகத் தடை, பெயர் நீக்கம், இவைதான் தண்டனை. கொடுத்த ஃபீஸ் இதில் திரும்ப வராது. நுகர்வோர் நீதிமன்றக் கதவையும் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. பணத்துக்கு சிவில் வழக்கு, மோசடி என்றால் போலீஸ். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றைக்கே அதைத் திருப்பிக் கேட்டு பதிவுத் தபால் அனுப்புங்கள், நாளைக்கு அது உங்கள் சம்மத மனுவாக வந்து நிற்கலாம்.