நூறு ரூபாய்ப் பத்திரத்தில் திருமணம் முறியாது

சென்ற மாதம் வக்கீலான என்னைப் பார்க்க வந்த ஒரு பெண்மணியின் பையில் பிளாஸ்டிக் உறையிட்டுப் பத்திரமாக மடித்து வைத்த ஒரு முத்திரைத்தாள் இருந்தது. அவர் அதை வெளியே எடுப்பதற்கு முன்பே அதில் என்ன எழுதியிருக்கும் என்பதை என்னால் சொல்லியிருக்க முடியும், ஏனென்றால் பெயர்களும் தேதியும் மாறுவதைத் தவிர இந்தத் தாளில் வேறு எதுவும் மாறுவதில்லை. "இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி என்ற உறவு இல்லை, ஒருவர் வாழ்வில் மற்றவர் தலையிட மாட்டோம், அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ள யாதொரு ஆட்சேபணையும் இல்லை" என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, இரு தரப்புப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் நோட்டரி முத்திரையும் குத்தியிருந்தது.

அந்தத் தாளை நம்பி அவர் மறுமணம் செய்துகொண்டார். ஒரு மகன் பிறந்தான். அண்மையில் இரண்டாவது கணவர் மாரடைப்பில் இறந்துவிட, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, கணவரின் அண்ணன் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டார். முதல் திருமணம் சட்டப்படி முறியவில்லை, ஆகவே இவர் என் தம்பியின் மனைவியே அல்ல என்பது அவருடைய வாதம். மனிதர் என்ற முறையில் அவரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது என்பதை அந்தப் பெண்மணியிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "எல்லாரும் கூடி உட்கார்ந்துதானே மேடம் எழுதினாங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்து திருமணச் சட்டம் 1955-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஒரு திருமணத்தை நீதிமன்றத்தின் தீர்ப்பாணை ஒன்றுதான் முறிக்கும். இருவரும் மனமொத்துச் சம்மதித்தாலும், நூறு பேர் சாட்சி சொன்னாலும், தாளின் மதிப்பு ஐநூறு ரூபாயாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நோட்டரி முத்திரை என்பது இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதற்கான சான்று மட்டுமே. தாளில் எழுதியிருப்பது சட்டப்படி செல்லும் என்று அது சொல்வதில்லை. திருமணப் பத்திரத்தையோ விவாகரத்துப் பத்திரத்தையோ நிறைவேற்றிக் கொடுக்க நோட்டரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024 அக்டோபரில் சுற்றறிக்கை வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. அதற்குப் பிறகும் இந்தத் தாள்கள் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நோட்டரியிடம் போகாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவே செய்துவிட்டோம் என்பவர்கள் உண்டு. பதிவு செய்ததால் செல்லாத பத்திரம் செல்லத்தக்கதாக ஆகிவிடாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் எழுதிக் கொடுத்தோம் என்பவர்களும் உண்டு. அங்கே எழுதியது அன்றைய புகாரை முடித்து வைப்பதற்கான வாக்குமூலம், அவ்வளவுதான். ரேஷன் கார்டில் பெயரை நீக்கிவிட்டோம், ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டோம், தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம் என்று அடுக்குவார்கள். இவற்றில் எதுவும் திருமணத்தைத் தொடவில்லை.

இங்கே விவரம் அறிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: எங்கள் சமூகத்தில் பெரியவர்கள் கூடி அத்துவிடுவது காலங்காலமாக உள்ள வழக்கமாயிற்றே, அதைச் சட்டமே ஏற்கிறதே? ஏற்கிறதுதான். சட்டத்தின் 29(2)-ஆம் பிரிவு வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு, இடைவிடாமல், ஐயத்துக்கு இடமின்றி உங்கள் சமூகத்தில் இருந்துவருகிறது என்பதையும், அந்த முறைப்படியேதான் உங்கள் மணமுறிவு நடந்தது என்பதையும் நீங்கள்தான் மனுவில் குறிப்பிட்டு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாட்சிக் கூண்டில் ஏறி "எங்க ஊரில் இப்படித்தான்" என்று சொல்வது நிரூபணம் ஆகாது. இந்த வாதத்தோடு தொடங்கிய வழக்குகளில் பெரும்பாலானவை குறுக்கு விசாரணையைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

இதன் எதிர்மறையும் உண்டு. சுயமரியாதைத் திருமணம்தான் செய்தோம், புரோகிதர் இல்லை, பதிவும் செய்யவில்லை, ஆகவே விவாகரத்தே தேவையில்லை என்பார்கள். 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தத்தால் சேர்ந்த 7-ஏ பிரிவின்படி, மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்துகொண்ட திருமணம் முழுமையான திருமணமே. பதிவு செய்யாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

பிறகு அந்த ஏழு வருடக் கதை. ஏழு ஆண்டுகள் பிரிந்திருந்தால் திருமணம் தானாகவே ரத்தாகிவிடும் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியவில்லை, படித்தவர்களும் நம்புகிறார்கள். சட்டம் பேசுவது, ஏழு ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறாரா என்ற தகவலே இல்லாமல் காணாமல் போனவரைப் பற்றி. பக்கத்துத் தெருவில் குடியிருந்து, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கும் கணவருக்கு அது பொருந்தாது. அப்படிக் காணாமல் போனவர் விஷயத்திலும்கூட அது விவாகரத்து கேட்பதற்கான ஒரு காரணம்தான். தீர்ப்பாணை வாங்கியாக வேண்டும். அதேபோல் இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போயிருப்பதும், கொடுமையும் மனுப் போடுவதற்கான காரணங்களே. தானாக முறியும் திருமணம் என்று ஒன்று இந்தச் சட்டத்தில் கிடையாது.

சரி, தாள் செல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். முதல் திருமணம் உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாவது திருமணம் செல்லாது. அது குற்றமும் ஆகும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவாகியிருக்கும் அந்தக் குற்றத்துக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. முதல் திருமணத்தை மறைத்துச் செய்திருந்தால் பத்து ஆண்டுகள் வரை. தாளில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தவரே பின்னால் புகார் கொடுத்த வழக்குகளும் உண்டு. அரசு ஊழியராக இருந்தால் துறை நடவடிக்கை தனி.

என்னிடம் வந்த பெண்மணியின் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகனுக்குப் பாதிப்பில்லை. செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையும் சட்டப்படியான குழந்தையே என்று இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது, பெற்றோரின் சொத்தில் அவனுக்குப் பங்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் மீண்டும் உறுதிசெய்தது. இறந்தவரின் தாய்க்கும் பங்கு உண்டு. உடன் வாழ்ந்து குடும்பம் நடத்திய இவருக்கு மட்டும் விதவை என்ற வாரிசுரிமை இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், முதல் கணவரிடமிருந்து ஒப்பந்தம் எழுதிப் பிரிந்து, தீர்ப்பாணை பெறாமலே மறுமணம் செய்த பெண்ணுக்கும் இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று கூறியது. இந்தத் தீர்ப்பைச் செய்தியில் படித்துவிட்டு, அப்படியானால் பத்திரம் செல்லும்தானே என்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். செல்லாது. கைவிடப்பட்ட ஒரு பெண் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக நீதிமன்றம் காட்டிய கருணை அது; கணவர் உயிரோடு இருந்து, அவரிடம் ஜீவனாம்சம் கேட்கும்போது உதவுமே தவிர, வாரிசுரிமையைத் தராது.

இன்னொரு கெடுதலும் இந்தத் தாளில் ஒளிந்திருக்கிறது. "எனக்கு ஜீவனாம்சம் எதுவும் தேவையில்லை" என்று பெண்ணிடம் ஒரு வரி எழுதி வாங்கியிருப்பார்கள். சட்டம் தரும் ஜீவனாம்ச உரிமையை இப்படி ஒரு வரியில் எழுதித் தள்ளிவிட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று குற்றவியல் நடைமுறையில் ஒரு விதி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த அது, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது இந்தத் தாளைத்தான். விவாகரத்தாகவும் ஆகாமல், ஜீவனாம்சத்துக்கும் குறுக்கே நிற்கும் ஒரு தாளுக்காகத்தான் இவ்வளவு பேர் கூடி உட்காருகிறார்கள்.

இத்தனைக்கும் இருவரும் உண்மையிலேயே பிரியச் சம்மதித்திருந்தால் நீதிமன்ற வழி அவ்வளவு கடினமானதல்ல. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் 13-பி பிரிவின் கீழ் இருவரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதங்களுக்குள் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கேட்டவுடன் கிடைக்கும் சலுகை என்று அதை எண்ண வேண்டாம். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், பேசிய தொகை முழுவதையும் முதல் நாளே கையில் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் அழாதீர்கள். டிடியாக எடுத்து இறுதி நாளில் நீதிமன்றத்திலேயே கொடுங்கள். திருமணமாகி ஓராண்டுக்குள், அசாதாரணமான துன்பம் இருந்தாலொழிய, விவாகரத்து மனுவே போட முடியாது.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. ஆலயத் தீர்ப்பாயம் கொடுக்கும் ரத்து ஆணை சபைக்குள் செல்லுமே தவிர, சட்டத்தின் கண்ணில் திருமணத்தை முறிக்காது. இஸ்லாமியர்களுக்குத் தனிச் சட்டம் வேறு வழிகளைத் தருகிறது. ஆனால் உடனடி முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். இவர்களும் ஜமாத் கடிதத்தோடு நின்றுவிடாமல் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

வழக்கு நடக்கும்போது செய்யும் பிழைகளில் முதன்மையானது சம்மனை வாங்க மறுப்பது. வாங்காவிட்டால் வழக்கு நகராது என்று எண்ணுகிறார்கள். நீங்கள் இல்லாமலே நகர்ந்து ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிடும், அதை ரத்து செய்யக் கேட்பதற்கு உள்ள அவகாசம் முப்பது நாட்கள்தான். அடுத்தது, ஜீவனாம்சம் கொடுக்கக் கூடாது என்பதற்காக வேலையை விடுவது. உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு இருவருமே சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். உங்களால் சம்பாதிக்க முடியுமா என்பதையும் நீதிபதி பார்ப்பார். தீர்ப்பு கையில் கிடைத்த வாரமே மறுமணத்துக்கு நாள் குறிப்பது மூன்றாவது; மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பொறுங்கள்.

ஆண் குழந்தை அப்பாவுக்கு, பெண் குழந்தை அம்மாவுக்கு என்று பஞ்சாயத்தில் பிரித்துக் கொடுப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. குழந்தையின் நலன் ஒன்றே அளவுகோல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்கும். நகையும் சீர்வரிசையும் பெண்ணுக்குச் சொந்தம் என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. ரசீதுகளையும் திருமணப் புகைப்படங்களையும் எடுத்து வையுங்கள், அம்மா. கோபத்தில் வெறுங்கையோடு கிளம்பிவிடாதீர்கள்.

பேசித் தீர்த்து வைக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் பேச்சுவார்த்தை நல்லதே, அதை யாரும் குறை சொல்லவில்லை. பேசி முடித்தபின் இருவரையும் நோட்டரியிடம் அழைத்துப் போகாமல் குடும்ப நல நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம்.

ஏற்கெனவே இப்படியொரு தாள் கையில் இருந்து, இன்னும் மறுமணம் செய்யாதவர்கள், எதிர்த்தரப்பு சம்மதிக்கும் நிலையில் இருக்கும்போதே கூட்டு மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். மறுமணம் செய்துவிட்டவர்கள் தாமாக எந்த மனுவிலும் எதையும் எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். முதல் திருமணத்துக்குத் தீர்ப்பாணை பெற்ற பிறகு இரண்டாவது திருமணத்தை முறைப்படி மீண்டும் நடத்திப் பதிவு செய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் பின்னால் வரும் தீர்ப்பாணை முன்னால் நடந்த திருமணத்தைச் செல்லத்தக்கதாக்காது. வரும்போது அந்த முத்திரைத்தாளின் அசலைக் கிழித்துப் போட்டுவிடாமல் எடுத்து வாருங்கள். விவாகரத்துக்கு உதவாவிட்டாலும், எந்தத் தேதியிலிருந்து நீங்கள் பிரிந்து வாழ்கிறீர்கள் என்பதைக் காட்ட அது உதவும்.