சலவை இயந்திர டைமர்: பாதி கடிகாரம், பாதி சுவிட்ச்

இரண்டு தொட்டிகள் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் சலவை இயந்திரத்தில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், மோட்டார் நின்றுவிடும். ஆனால் குமிழுக்குப் பின்னாலிருந்து வரும் டிக் டிக் ஓசை நிற்காது. கால்மணி நேரம் கழித்து மின்சாரம் திரும்பும்போது குமிழ் பூஜ்யத்துக்கு வந்திருக்கும், துணி மட்டும் சோப்பு நீரில் அப்படியே ஊறிக் கிடக்கும். டைமர் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை என்பதற்கு இதுவே போதுமான சான்று. அது நாம் கையால் சாவி கொடுக்கும் ஒரு கடிகாரமும், அந்தக் கடிகாரம் திறந்து மூடும் ஒரு சுவிட்சும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பொருள். டைமர் பழுதானதாகத் தோன்றும்போது இந்த இரண்டில் எது கெட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பல சமயங்களில் இரண்டுமே நன்றாக இருக்க, குற்றம் வேறிடத்தில் இருக்கும்.

கடிகாரப் பகுதியின் வேலை எளியது. குமிழைத் திருப்பும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது தளர முயலும்போது பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கடைசிச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் ஒரு சிறு துண்டு தடுத்துத் தடுத்து விடுவதால், வில் ஒரே வீச்சில் விரிந்துவிடாமல் 15 நிமிடம் எடுத்துக்கொண்டு தளர்கிறது. நாம் கேட்கும் டிக் ஓசை அந்தத் தடுப்பின் ஓசையே. குமிழைப் பின்னோக்கித் திருகாதீர்கள் என்று பல இயந்திரங்களின் கையேடுகள் எச்சரிப்பதும் இதனால்தான்: நேரத்தைக் குறைப்பதற்காக வலுக்கட்டாயமாகத் திருப்பினால் அழுத்தம் முழுவதும் இந்தச் சிறு பற்களின் மேல் விழுகிறது.

சுவிட்ச் பகுதியில்தான் நுட்பம் அதிகம். உலர்த்தும் தொட்டிக்கான 5 நிமிட டைமரில் இரண்டே வயர்கள்தான். நேரம் இருக்கும்வரை இணைப்பு, முடிந்தால் துண்டிப்பு. துவைக்கும் தொட்டியின் டைமரோ மோட்டாரை ஒரு பக்கம் சுழற்றி, நிறுத்தி, மறுபக்கம் சுழற்ற வேண்டும். இதற்காக அந்த மோட்டாருக்குள் ஒத்த அளவுள்ள இரண்டு வைண்டிங்குகள், அதாவது கம்பிச்சுருள்கள், சுற்றப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொரு முனை சேர்ந்து, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயருக்குப் போகிறது; மீதமுள்ள இரு முனைகளுக்கும் நடுவே மின்னேற்றத்தைச் சேமித்து விடும் ஒரு கபாசிட்டர், கடைக்காரர்கள் வழக்கில் கண்டன்சர், இணைந்திருக்கிறது. மின்சாரத்தை ஒரு முனையில் கொடுத்தால் அந்த வைண்டிங்குக்கு அது நேராகவும், மற்றதற்குக் கபாசிட்டர் வழியாகவும் போகிறது. கபாசிட்டர் வழியாகச் செல்லும் மின்னோட்டம் ஏறக்குறைய கால் சுழற்சி முந்திக்கொள்வதால் மோட்டாருக்குள் ஒரு சுழலும் காந்தப்புலம் உருவாகி, நடுவிலுள்ள சுழலும் உருளை அதன் பின்னால் ஓடுகிறது. மின்சாரத்தை மறு முனைக்கு மாற்றினால் முந்துவதும் பிந்துவதும் இடம் மாறி, உருளை எதிர்த்திசையில் சுழல்கிறது. மோட்டாரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை; ஒரே ஒரு இணைப்பை இடமாற்றினால் போதும். டைமருக்குள் மேடுபள்ளமாக வெட்டப்பட்ட ஒரு கேம் சக்கரம் மெல்லிய உலோகத் தகடுகளைத் தூக்கியும் தாழ்த்தியும் இந்த இடமாற்றத்தைச் செய்கிறது.

இரு திசைகளுக்கும் நடுவில் வரும் சில விநாடி இடைவெளி துணிக்கு ஓய்வு கொடுப்பதற்காக அன்று. இவ்வகை மோட்டாருக்குத் தொடக்க விசை குறைவு. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்த்திசைக்கு இணைப்பைக் கொடுத்தால், அது திரும்ப மறுத்துப் பழைய திசையிலேயே தொடரலாம், அல்லது பெல்ட்டை உலுக்கிவிட்டு மிகுந்த மின்சாரத்தை இழுக்கலாம். எனவே அது முதலில் நின்றாக வேண்டும்.

டைமர் ஏன் கெடுகிறது என்பதற்கான விடையும் இந்த இடமாற்றத்திலேயே இருக்கிறது. ஒரு திசைக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 15 நிமிடத்தில் 30 முறையும், நாள்தோறும் ஒருமுறை துவைக்கும் வீட்டில் ஆண்டுக்கு 10,000 முறைக்கு மேலும் அந்தத் தகடுகள் சேர்ந்து பிரிகின்றன. வைண்டிங் என்பது கம்பிச்சுருள் ஆதலால், ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென அறுக்கும்போது அது எதிர்த்து, பிரியும் முனைகளுக்கு நடுவே ஒரு பொறியைப் பறக்கவிடுகிறது. ஒவ்வொரு பொறியும் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை விட்டுச் செல்கிறது. குழிகள் பெருகிக் கரி படிந்தால் தொடர்பு பலவீனமாகிச் சூடேறுகிறது. சூட்டில் தகடு தன் விறைப்பை இழக்கிறது. குளியலறை ஈரமும் சோப்பு நீரின் ஆவியும் இதை விரைவுபடுத்துகின்றன. ஆகவே பழைய டைமர்களில் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருக்க, சுவிட்ச் மட்டும் செத்துப்போயிருப்பதில் வியப்பில்லை.

கழற்றுவதற்கு முன் காதைப் பயன்படுத்துவது நல்லது. டிக் ஓசை இல்லாமல் குமிழ் வைத்த இடத்திலேயே நின்றால் கடிகாரம் போய்விட்டது. ஓசை வருகிறது, மோட்டார் ஒரு திசையில் மட்டும் சுழல்கிறது என்றால் சந்தேகம் கேமின் தகடுகள் மேல் விழுகிறது. ஆனால் மோட்டார் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால், டைமர் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. பார்க்க வேண்டியது கபாசிட்டரை. வீணாக மாற்றப்படும் டைமர்களில் பெரும்பகுதி இந்த ஒரு உறுமலைக் கவனிக்காமல் மாற்றப்படுபவை என்பது என் எண்ணம். உலர்த்தும் தொட்டி மட்டும் ஓடவில்லை என்றால், அதன் மூடியின் கீழே இருக்கும் சுவிட்சை முதலில் பார்க்க வேண்டும். அது டைமருடன் ஒரே வரிசையில் இணைந்திருக்கிறது.

உறுதிப்படுத்த ஒரு மல்டிமீட்டர் தேவை. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகே பின்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது. கபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். வழக்கமாக இரண்டு வைண்டிங்குகளும் அதற்கு ஒரு மூடிய பாதை அமைத்துக் கொடுப்பதால் அது தானே இறங்கிவிடும் என்றாலும், வைண்டிங் ஏதேனும் அறுந்திருந்தால் அந்தப் பாதை இராது. ஆகவே, காப்பிட்ட வயர்கள் பொருத்திய ஒரு குண்டு பல்பை அதன் முனைகளில் சில விநாடிகள் தொடவைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது பாதுகாப்பானது.

டைமரின் வயர்களைப் பிரித்து, மீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, ஒரு முனையைப் பொது வயரிலும், அதாவது டைமருக்குள் மின்சாரத்தைக் கொண்டுவரும் வயரிலும், மற்றதை மோட்டாருக்குப் போகும் இரு வயர்களில் ஒன்றிலும் பிடித்துக்கொண்டு குமிழைத் திருப்ப வேண்டும். நல்ல டைமரானால் மீட்டர் சிறிது நேரம் ஒலிக்கும், அடங்கும், மறு திசையின் முறை முடிந்ததும் மீண்டும் ஒலிக்கும். அடுத்த வயரில் இதே ஒலி, மற்றது அடங்கியிருக்கும் நேரத்தில் வர வேண்டும். ஒலி விட்டு விட்டு வந்தாலோ, ஒரு வயரில் வரவே இல்லையென்றாலோ தீர்ப்பு எழுதிவிடலாம்.

புதிய டைமர் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோவதே வழி. நேர அளவு, வயர்களின் எண்ணிக்கை, திருகு துளைகளின் இடைவெளி, ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய தண்டின் நீளம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். வயர்களின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி நிறம் வைப்பதுண்டு. மேலே சொன்ன ஒலிச் சோதனையைப் புதியதிலும் செய்து, பொது வயர் எது, மற்ற இரண்டு எவை என்று கண்டுகொள்ள வேண்டும். மோட்டாருக்குப் போகும் இரண்டும் தமக்குள் இடம் மாறினால் பெரும் தீங்கில்லை, முதலில் எந்தப் பக்கம் சுழலும் என்பது மட்டுமே மாறும். பொது வயர் இடம் மாறினால் இயந்திரம் சரியாக ஓடாது. பழைய இணைப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு வயராக மாற்றினால் குழப்பம் வராது.

இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது பரவலான வழக்கமானாலும், ஈரத்தில் அந்த டேப்பின் பசை சீக்கிரமே விட்டுவிடும். அழுத்திப் பூட்டும் மூடி இணைப்பான்களைப் பயன்படுத்தி, அவற்றின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினால் வழியும் நீர் உள்ளே இறங்காது. மோட்டாரின் உடலுக்குப் போகும் பச்சை எர்த் வயர் கழன்றிருந்தால் அதைத் திரும்பப் பூட்டாமல் மூடியை மூடக் கூடாது.

முதல் ஓட்டம் துணியும் நீரும் இல்லாமல் நடக்கட்டும். உலர்ந்த கையால் பிளக்கைச் செருகி, குமிழை 3 நிமிடத்துக்கு மேல் வைத்து, தொட்டியின் அடியிலுள்ள சுழல்தட்டு இரு பக்கமும் திரும்புகிறதா, நடுவில் முழுதாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியிலும் அது உறுமினால் ஒரு வயர் தவறான இடத்தில் இருக்கிறது. பிளக்கை உருவிவிட்டு எடுத்த படத்தோடு மறுபடி ஒப்பிட வேண்டும்.