இறங்கி வர ஒரு படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் சொல்லும் புகார் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "சின்ன விஷயம்தான் மேடம், ஆனா ஒரேயடியா கத்திட்டாரு. அப்புறம் எவ்வளவு சொன்னாலும் இறங்கி வர மாட்டேங்கிறாரு." சில வீட்டில் அது கணவர், சில வீட்டில் மாமியார், சில வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை.

கத்தியது பத்து நிமிடம். இறங்கி வராமல் இருப்பது வாரக்கணக்கில். குடும்பத்தை அதிகம் நோகடிப்பது இந்த இரண்டாவதுதான். ஆனால் எல்லாரும் கோபத்துக்கு மட்டும்தான் வழி கேட்கிறார்கள். பிடிவாதத்தைப் பிறவிக் குணம் என்று விட்டுவிடுகிறார்கள். "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். செய்ய நிறைய இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மை ஒருவர் மட்டம் தட்டுகிறார் என்று தோன்றும் நொடியிலேயே மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சிறிய பகுதி அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. சண்டை போடு, இல்லையென்றால் ஓடு என்று உடம்பு தயாராவதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915லேயே விளக்கியிருக்கிறார். எதிரில் நிற்பது புலியா, மோட்டார் தவணை கட்டியாச்சா என்று கேட்கும் மனைவியா என்றெல்லாம் உடம்பு பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் நிதானித்து யோசிக்கும் பகுதியின் பிடி தளர்ந்துவிடுகிறது. கணவன் மனைவி சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்கிறார். மறுபடி பேசும் நிலைக்கு வர குறைந்தது 20 நிமிடம் ஆகும் என்பதும் அவர் கணக்கு.

ஆகவே "இப்பவே பேசித் தீர்த்துடணும்" என்று ஒருவர் பின்னாலேயே அறைக்குள் போவது வேண்டாத வேலை. நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. ஒரு வார்த்தை பேசாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. வீட்டில் இருப்பவருக்கு அது முதல் சண்டையைவிடப் பெரிய அவமானமாகப் படும். போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறேன். "கொஞ்ச நேரம் நடந்துட்டு வரேன். சாப்பிட்டதும் பேசுவோம்." அவ்வளவுதான். சொன்னபடி வந்து பேசவும் வேண்டும். இரண்டு தடவை வராமல் போனால் மூன்றாவது தடவை அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

வெளியே போகிற 20 நிமிடமும் "அவ எப்படி அப்படிக் கேட்கலாம்" என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே நடந்தால் பயனில்லை. கோபத்தைக் கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002ல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியவர்களின் கோபம் கூடத்தான் செய்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். தட்டை விட்டெறிவதும் கதவை அறைந்து சாத்துவதும் மனப்பாரத்தைக் குறைக்காது, அடுத்த தடவைக்குப் பழக்கப்படுத்தும்.

மூச்சுப் பயிற்சி என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் மருந்து மாத்திரை இல்லாமல் இதயத் துடிப்பை நாமே குறைக்க நம் கையில் இருக்கும் நேரடியான வழி அதுதான். மூக்கால் மெல்ல நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு குறைகிறது. இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வரும். ஐந்து நிமிடம் போதும். முகத்தில் பச்சைத் தண்ணீரை அடித்துக் கழுவுவதும் இதே போலத் துடிப்பைக் குறைக்கும்.

எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு. இதைக் கோபம் வந்த பிறகு முதல் தடவையாகச் செய்து பார்த்துவிட்டு, "எனக்கு வேலை செய்யல மேடம்" என்பார்கள். செய்யாது. ஒரு பிரச்சினையும் இல்லாத நாட்களில் தினமும் பழகியிருந்தால்தான் கோபத்தில் அது கைக்கு வரும். அதனால் ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துவிடச் சொல்வேன். காலையில் மோட்டாரை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாமிக்கு விளக்கு ஏற்றிய பிறகு, பெக்டரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்.

உட்கார்ந்து மூச்சை எண்ணுவது சிலருக்கு ஒத்துவராது. குறிப்பாகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு. நாள் முழுக்கக் கழுத்தை அண்ணாந்து நீளக் கம்பைத் தூக்கி வேலை செய்கிறவருக்குத் தோள் எப்போதும் இறுகியே இருக்கும். அது வேலையால் வந்த வலியா, வீட்டுக் கோபமா என்று அவருக்கே தெரியாது. அவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியைச் சொல்லித் தருகிறேன். கை முஷ்டியை ஐந்து நொடி இறுக்கி மெல்ல விட வேண்டும். அப்புறம் தோளைக் காதுவரை தூக்கி இறுக்கி விட வேண்டும், அப்புறம் தாடை, வயிறு, கால். இறுகியதற்கும் தளர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குப் பிடிபட்டுவிட்டால், கோபம் ஏறும்போதே தோள் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பிடிவாதத்துக்கு வருகிறேன். ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூத்த மகளுக்கு ஜொகூரில் ஒரு பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அப்பா வேலை முடிந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே மகள் கைபேசியை நீட்டிக் காட்டினாள். "அவ்ளோ தூரமெல்லாம் போகக் கூடாது. போனா இந்த வீட்டுப் பக்கம் திரும்பி வரக் கூடாது" என்று கத்திவிட்டார். பழைய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு கேட்டது.

மறுநாள் காலையில் பசியாறும்போதே தான் சொன்னது அதிகப்படி என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆனால் நாலு பேர் கேட்கச் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது? கோப்பிக்கடையில் ஒருவர், "என்னண்ணே, பொண்ண அனுப்பலையாமே?" என்று கேட்டதும், "நான் சொன்னா சொன்னதுதான்" என்று இன்னொரு பூட்டையும் போட்டுக்கொண்டார். மனைவி அழுதார். மகள் சாப்பிடாமல் கிடந்தாள். ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கே வந்து படிப்பின் அருமையை எடுத்துச் சொன்னார். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஒவ்வொன்றும் அவரை இன்னும் இறுக்கியது.

கடைசியில் மனைவியின் அண்ணன் வந்தார். அனுப்பு, அனுப்பாதே என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. "மாப்ள, முடிவு உங்களோடது. ஆனா பார்க்காம எப்படி முடிவு பண்றது? ஹாஸ்டல் எப்படி, சாப்பாடு எப்படி, கேட்டுல காவலுக்கு ஜாகா இருக்கானான்னு நீங்களே ஒரு தடவ பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நானும் கூட வரேன்." இரண்டு பேரும் ராத்திரி பஸ் ஏறினார்கள். திரும்பி வந்தவர் கோப்பிக்கடையில் சொன்னது இதுதான்: "நானே நேர்ல போய்ப் பார்த்தேன். இடம் பரவால்ல. அதான் அனுப்புறேன்."

அந்த மாமா உளவியல் படித்தவர் இல்லை, ஆனால் செய்தது அச்சு அசலாக அதுதான். தன் முடிவெடுக்கும் உரிமையைப் பிறர் பறிக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதன் எதிர்த்திசையில் இன்னும் வலுவாகப் போவான் என்று ஜாக் ப்ரெம் 1966ல் எழுதினார். நம் பக்கத்து நியாயம் எவ்வளவு வலுவோ, அவ்வளவு வலுவாக அவர் எதிர்ப்பார். உரிமையை அவர் கையிலேயே விட்டுவிட்டால், எதிர்க்க ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது, இறங்கி வர ஒரு படியும் கிடைத்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. பிடிவாதத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும். பெண் பிள்ளை ஓர் இரவுப் பயணத் தூரத்தில் தனியாக இருக்கப் போகிறாளே என்ற பயம் அவருக்கு. அதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அவர் சொன்ன வார்த்தையோடு மல்லுக்கட்டினார்கள்.

பிடிவாதக்காரர் இறங்கி வரும்போது நாம் செய்யும் கெடுதலையும் சொல்ல வேண்டும். நம் அப்பாக்கள் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. "சாப்பிட்டியா?" என்பார்கள். யாரும் கேட்காமலே மகன் மோட்டாருக்குக் காற்று அடித்துக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில், "இப்பதான் தெரிஞ்சுதா? அன்னிக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் வந்த வழியே ஏறிவிடுவார். அந்தச் சின்ன அடையாளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய கணக்கை ஓரிரு நாள் கழித்து, இருவரும் ஆறியிருக்கும்போது பேசலாம், பேசவும் வேண்டும்.

பிள்ளைகள் கதை கொஞ்சம் வேறு. மினி மார்க்கெட்டில் உருண்டு புரண்டு அழும் மூன்று வயதுப் பிள்ளை கையில், எல்லாரும் பார்க்கிறார்களே என்று கைபேசியைக் கொடுத்துவிடுகிறோம். அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது, கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று நாம் கற்றுக்கொள்கிறோம். இந்தச் சுழலை ஜெரால்ட் பேட்டர்சன் பல குடும்பங்களில் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் முதல் சில நாள் அழுகை கூடும். பாட்டியும் சேர்ந்து உறுதியாக இருந்தால்தான் அது குறையும். ஐந்தாவது நாள் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், ஐந்து நாள் அழ வேண்டும் என்பதுதான் பாடமாகப் பதியும்.

தூக்கத்தை விட்டுவிட்டுக் கோபத்தைப் பற்றிப் பேச முடியாது. தோட்டம் விற்கப்பட்டு மலிவு விலை வீடுகளுக்கு வந்த குடும்பங்களில் பலர் 12 மணி நேர ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். 2007ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காதவர்களின் அமிக்டலா, வருத்தம் தரும் படங்களுக்கு 60 விழுக்காடு அதிகமாகத் துடித்தெழுந்தது. நைட் ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு வருகிறவரிடம் பள்ளிக் கட்டணமோ சொந்தக்காரர் புகாரோ பேசாதீர்கள். அவர் தூங்கி எழுந்து ஒரு வாய் சாப்பிடட்டும். அதே விஷயத்தை மாலையில் சொன்னால் வேறு பதில் வரும்.

இவ்வளவு சொன்னதில் ஒன்றைத் தெளிவாகப் பிரிக்க விரும்புகிறேன். அடிப்பது, கழுத்தைப் பிடிப்பது, கத்தியைக் காட்டுவது, வெளியே போக விடாமல் பூட்டுவது இதில் சேராது. அடி வாங்கும் பெண்ணிடம் மூச்சை இழுத்து விடு, அவருக்கு ஒரு படி கொடு என்று யாரும் இந்தக் கட்டுரையைக் காட்டிச் சொல்லக் கூடாது. அதற்கு 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999 இரவும் பகலும் எடுக்கும்.

நீண்ட நாளாக எரிச்சலாகவே இருப்பவரையும், திடீரென்று குணம் மாறியவரையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாக வரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், நீரிழிவு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் சின்னதற்கெல்லாம் கோபம் வரும். குடி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுபது வயதுவரை விட்டுக்கொடுத்துப் போனவர் திடீரென்று முரண்டு பிடிக்கிறார் என்றால், வயசாயிடுச்சு என்று விடாதீர்கள். மறதி நோயின் தொடக்கமாகவும் அது இருக்கலாம்.

இங்கே பேராக்கில் மனநல மருத்துவர் என்றதும், "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறியா?" என்று கேட்பார்கள். 1911ல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையால் அந்த ஊர்ப் பெயரே நம்மிடம் வசவாகிவிட்டது. முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை. பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். கவுண்டரில் எல்லாக் கதையும் சொல்ல வேண்டாம். "கோபமும் தூக்கமும் கட்டுப்பாட்டில் இல்லை, டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555க்குப் போன் செய்யலாம். போக மறுப்பவரிடம் போ, போ என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "எனக்குப் பிரஷர் பார்க்கணும், கூட வாங்க" என்று கூட்டிப்போங்கள். வரிசையில் நிற்கும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து நம்பர் எடுத்துவிடலாம்.