கறுப்பாக இருப்பதெல்லாம் கருமருந்து அல்ல

மறுபடியும் ஒரு கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய், உள்ளங்கை கிழிந்து, முகமெல்லாம் கரும்புள்ளிகளோடு வந்தார். பொழுதுபோக்காகச் சின்னப் பீரங்கி சுடுகிறவர். குழல் வெடித்துவிட்டது. "ராணுவத்தில் மிஞ்சிய வெடிமருந்து, டாக்டர். பாதி விலைக்குக் கிடைத்தது. கறுப்பாகத்தான் இருந்தது" என்றார் கூட வந்தவர். கை அறுவைச் சிகிச்சை செய்கிறவன் நான். இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தச் சின்னப் பீரங்கிகள் கருமருந்துக்கென்று, அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த பழைய காலத்து வெடிமருந்துக்கென்று செய்தவை. கறுப்பாக இருந்தால் அது கருமருந்துதான் என்று நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிரான்ஸில் பால் வியெய் 1884இல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் படைகளெல்லாம் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் அதற்கே மாறிவிட்டன. ஆகவே "பீரங்கி மருந்து" என்று உபரியில் வருவது புகையில்லா வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதன் மேலும் கிராஃபைட் பூசுவார்கள், கருமருந்தின் மேலும் பூசுவார்கள். இரண்டும் சாம்பல் கலந்த கறுப்பில் மினுங்கும். பெரிய பீரங்கிக்கானது என்றால் குட்டிக் குழாய்த் துண்டு மாதிரி ஓட்டைகளோடு இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஓட்டை இல்லை, அப்போ கருமருந்துதான் என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கிக்கான புகையில்லா மருந்து செதிலாகவும் வரும், மணியாகவும் வரும்.

சிலர் ஒரு சிட்டிகை எடுத்துக் கொளுத்திப் பார்க்கிறார்கள். அதுவும் ஏமாற்றும். திறந்த வெளியில் புகையில்லா மருந்து சாதுவாக எரியும். அடைபட்ட குழலுக்குள் அழுத்தம் ஏற ஏற அதன் வேகமும் ஏறிக்கொண்டே போகும். கருமருந்துக்கென்று செய்த குழல் அதைத் தாங்காது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், "கொஞ்சமாத்தான் போட்டோம் டாக்டர்" என்கிறார்கள். கொஞ்சமும் கூடாது. தெரிந்த கருமருந்தோடு கலந்தும் கூடாது.

"பழசு, வீரியம் போயிருக்கும்" என்பது அடுத்த சமாதானம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. உள்ளே கருமருந்து அடைத்த அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று 2008இல் வர்ஜீனியாவில் வெடித்து, அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் இறந்துபோனார். ஈரம் பட்டு உலர்ந்த கருமருந்தும் வெடிக்கும்.

கடையில் லேபிளோடு கருமருந்து வாங்கச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் விலையோடு, ஆபத்தான பொருளை அனுப்புவதற்கான கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்கி, சீல் உடையாத டப்பாக்களாகப் பிரித்துக்கொண்டால் அந்தக் கட்டணம் பங்காகிவிடும். முதலில் சட்டத்தைப் பாருங்கள். அங்கே பழங்கால ஆயுதங்களில் பொழுதுபோக்குக்காகச் சுடுவதற்கு, நிறுவனத் தயாரிப்பான கருமருந்தில் 50 பவுண்டு (சுமார் 23 கிலோ) வரை கூட்டாட்சிச் சட்டம் உரிமத்திலிருந்து விலக்கு தருகிறது. உள்ளூர் விதி வேறாக இருக்கலாம். பல நாடுகளில் ஒரு டப்பாவுக்கே உரிமம் வேண்டும். அப்புறம், லேபிளில் மணியின் அளவையும் படியுங்கள். அசல் கருமருந்தே ஆனாலும் பொடிமணி வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். உங்கள் பீரங்கியைச் செய்தவர் சொன்ன அளவுதான் அளவு.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனால் செய்வதில்லை. டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் ஈரத் துடைப்பான் விட்டு உள்ளே கங்கு இல்லாமல் துடையுங்கள். மருந்தைக் குழலுக்குள் தள்ளி இறுக்கும் இடிகோலைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்காதீர்கள். உடம்பு குழல் வாய்க்கு நேரே இருக்கவே கூடாது. மீறி ஏதாவது நடந்து தோலில் துகள் ஏறிவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். முதல் நாளில் தேய்த்து எடுத்துவிடலாம். ஆறிய பிறகு அது பச்சை குத்தியதுபோல நின்றுவிடும். கண்ணில் பட்டிருந்தால் கசக்காதீர்கள்.

லேபிள் இல்லாத டப்பா ஒன்று ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து திறக்காதீர்கள், கட்டிதட்டியிருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்காதீர்கள், காரில் எடுத்துக்கொண்டும் கிளம்பாதீர்கள். போலீஸுக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் செய்யுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள்.