கோழியின் நாளுக்கு 25 மணி நேரம்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸில் அக்காவின் தரைவீட்டுக் கொல்லையில் மூன்று பெட்டைக் கோழிகள் வளர்கின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லாததால், கம்பம் எனப்படும் பழைய கிராமத்தில் கோழிகளோடு வளர்ந்த எங்கள் அம்மாவுக்கு அந்தக் கொல்லை பெரிய ஆறுதல். செவலைக் கோழி முட்டையிடும் நேரத்தைச் சமையலறை நாள்காட்டியில் அவர் நாள்தோறும் குறித்து வைக்கிறார். ஒரு வாரத்தின் குறிப்பு இது: காலை 7.45, 9.00, 9.50, 11.00, பிற்பகல் 1.00, ஆறாம் நாள் முட்டை இல்லை, ஏழாம் நாள் மீண்டும் காலை 8 மணி. "கோழிக்குக் கண்பட்டுவிட்டது" என்பது அம்மாவின் முடிவு. உண்மையில் அந்தக் குறிப்பில் பிழை எதுவும் இல்லை; கோழியின் உடலுக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதையே அது காட்டுகிறது.

முதல் கடிகாரம் முட்டை உருவாகும் நேரம். சூலகத்திலிருந்து விடுபடும் மஞ்சள் கருவை முட்டைக்குழாயின் வாய் ஏந்திக்கொள்கிறது. அடுத்த ஏறத்தாழ 3 மணி நேரத்தில் அதைச் சுற்றி வெள்ளைக் கரு சேர்கிறது. பின்னர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான நேரத்தில், ஓட்டுக்கு உட்புறம் நாம் காணும் மெல்லிய சவ்வுகள் உருவாகின்றன. மீதி நேரம் முழுவதும், அதாவது ஏறக்குறைய 20 மணி நேரம், ஓடு கட்டுவதற்கே செலவாகிறது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஆனால் ஓட்டின் பெரும்பகுதி, கோழி எதுவும் தின்னாமல் உறங்கும் இரவில்தான் படிகிறது. அதற்காகவே முட்டையிடும் பறவைகளின் கால் எலும்புகளுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் தனித்த எலும்புத் திசு ஒன்று வளர்கிறது. இரைப்பையில் உள்ளது தீரும்போது கோழி இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாலையில் சிப்பி ஓட்டுத் தூள் கிண்ணத்தைக் கோழிகள் தேடிப் போவதன் காரணமும் இதுவே. இவ்வாறு ஒரு முட்டை முழுமை பெற 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதை இட்ட அரை மணி நேர அளவில் அடுத்த மஞ்சள் கரு விடுபடுவதால், முட்டையிடும் நேரம் ஒவ்வொரு நாளும் பின்னுக்குத் தள்ளிப் போகிறது.

அப்படியானால் அது நள்ளிரவு வரை தள்ளிப் போகாதது ஏன்? அங்குதான் 24 மணி நேரம் ஓடும் இரண்டாவது கடிகாரம் குறுக்கிடுகிறது. மஞ்சள் கரு விடுபடுவதற்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி லூட்டினைசிங் என்னும் இயக்குநீரைப் (ஹார்மோனை) பெருமளவில் சுரக்க வேண்டும். ஆனால் இரவை ஒட்டிய 8 முதல் 10 மணி நேரத்துக்குள் மட்டுமே அது அவ்வாறு சுரக்கும். செவலை பிற்பகல் 1 மணிக்கு முட்டையிட்ட நாளில், அடுத்த கரு 1.30 மணியளவில் விடுபட வேண்டுமானால் காலை ஏழரை முதல் ஒன்பதரை மணிக்குள் அந்தச் சுரப்பு நிகழ்ந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே 7 மணியளவில்தான். அதற்குள் அந்தச் சுரப்புக்கான நேர வாசல் மூடிவிட்டது. ஆகவே முற்றிய கரு இரவு வரும்வரை காத்திருக்கிறது, நாள்காட்டியில் ஒரு கட்டம் காலியாகிறது.

இந்த இரண்டாவது கடிகாரத்தை நேரப்படுத்துவது ஒளி. கோழி அதைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளையின் ஆழத்திலுள்ள உணர்விகளும் நேரடியாக அறிவதால், பார்வை இழந்த கோழிகளும் பகலின் நீளத்துக்கேற்ப முட்டையிடுகின்றன. குளிர்காலத்தில் பகல் 8 மணி நேரமாகச் சுருங்கும் வட ஐரோப்பாவில் பல கோழிகள் மாதக்கணக்கில் முட்டையிடுவதை நிறுத்திவிடும். பூமத்தியரேகையை ஒட்டிய சிங்கப்பூரிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஆனாலும் இங்குள்ள பகல் 12 மணி நேரம்தான். பண்ணைகள் விளக்கு வைத்து அதை 16 மணி நேரம் வரை நீட்டுகின்றன. அக்கா வீட்டுக் கார் நிறுத்துமிடத்து விளக்கு இரவு 11 மணி வரை கூட்டின் மீது விழுவதால், அந்த மூன்று கோழிகளுக்கும் பகல் எப்போது முடிகிறது என்பதை மின்விளக்கின் பொத்தானே தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு கடிகாரங்களையும் ஒருசேர நிறுத்துவது அடை. அடைக்கு அமரும் கோழியின் உடலில் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் பெருகுவதால் சூலகம் ஓய்ந்துவிடும். சென்ற மாதம் செவலை வெறுங்கூட்டில் சிறகை விரித்து அமர்ந்து, கிட்டே போனவர்களைக் கொத்தியபோது, அம்மா கம்பத்து வழக்கப்படி அதன் வயிற்றைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். அடைக்கோழியின் வெதுவெதுப்பான வயிறு குளிர்ந்தால் அடை தெளியும் என்ற கணக்கில் பொருள் இருக்கிறது. ஆயினும் அடியில் காற்றோட்டமுள்ள கம்பி வலைக் கூண்டில் சில நாள் விடுவது கோழிக்குத் துன்பம் குறைந்த வழி. நாள்காட்டியில் இப்போது மூன்று வாரமாகச் செவலையின் பெயருக்கு நேரே எதுவும் எழுதப்படவில்லை.