ஒரே ரகம், வெவ்வேறு மூக்கு: மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் பிறப்பிடத்தைக் கண்டறிவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஜி-10 ரக விமானங்களின் படங்கள் இரண்டை அனுப்பி, ஒரே ரகமாயினும் மூக்கின் அடிப்பாகம் மாறுபடுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இவ்வகை விமானம் ரேகன்ஸ்புர்க்கில் மெஸ்ஸர்ஷ்மிட் ஆலையிலும், லைப்சிக்கில் எர்லா ஆலையிலும், ஆஸ்திரியாவின் வீனர் நோய்ஷ்டாட்டிலும் தயாரானது. 1943 ஆகஸ்ட் மாதக் குண்டுவீச்சுகளுக்குப் பின் வேலை பல ஊர்களுக்குச் சிதறியது. ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமின் கைதிகளும் இதன் பாகங்களைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்பதை, இந்த விமானத்தை ரசிக்கும் எவரும் மறக்கலாகாது.

மூக்கின் கதை ஜி-6 ரகத்தில் தொடங்குகிறது. எஞ்சினுக்கு மேலிருந்த 7.92 மி.மீ. துப்பாக்கிகளுக்குப் பதிலாக 13 மி.மீ. துப்பாக்கிகளைப் பொருத்தியபோது, அவற்றின் பின்பகுதி எஞ்சின் மூடிக்குள் அடங்காததால் இருபுறமும் வட்டமான புடைப்புகள் தோன்றின. உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் சூப்பர்சார்ஜர் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. எனவே டெய்ம்லர்-பென்ஸ் பொறியாளர்கள் டிபி 603 எஞ்சினின் பெரிய சூப்பர்சார்ஜரை இந்த விமானத்தின் டிபி 605 எஞ்சினுக்குப் பொருத்தினார்கள்; அதுவே டிபி 605 ஏஎஸ். அந்தச் சூப்பர்சார்ஜர் இடப்பக்கம் அமைந்ததால் மூடியையே அகலப்படுத்தி வழவழப்பாக வளைத்தார்கள். பழைய புடைப்புகள் அந்த வளைவுக்குள் மறைந்தன.

வாசகர் கண்ட வேறுபாடு இதற்கடுத்த கட்டத்தில் பிறந்தது. ஜி-10-இல் வந்த டிபி 605 டி எஞ்சினுக்கு எண்ணெய் திரும்பும் குழாய்கள் தடித்தன. அவற்றுக்கு இடம்விட, ரேகன்ஸ்புர்க்கும் வீனர் நோய்ஷ்டாட்டும் சுழலிக்கு (முன்விசிறியின் நடுவிலுள்ள கூம்பு) சற்றுப் பின்னே, மூக்கின் அடியிலுள்ள மோவாய்ப் பகுதியின் இருபுறமும் சிறு புடைப்புகளை வைத்தன. எர்லாவோ கீழ்மூடி முழுவதையும் அகலமாக வடித்ததால் அங்கே புடைப்பே இல்லை. ஒரே தேவைக்கு ஆலைகள் கண்ட இரு விடைகள் உலோகத்தகட்டில் அப்படியே பதிந்திருப்பது எனக்கு என்றும் வியப்பளிக்கிறது. ஆனால் ஏஎஸ் எஞ்சின் பொருத்திய ஜி-14-இலும் பொதுவாக இந்தப் புடைப்புகள் இருக்காது என்பதால், மோவாயை மட்டும் பார்த்து எர்லா ஜி-10 என்று முடிவுகட்டக் கூடாது.

வாலில் தெரியும் வரிசை எண்ணும் உதவும்: 490 என்று தொடங்கினால் எர்லா, 610 என்றால் வீனர் நோய்ஷ்டாட். ஆயினும் சேதமடைந்த விமானத்துக்கு வேறொன்றின் வாலைப் பொருத்துவதும் உண்டு. ஆகவே நான் எண்ணைவிடத் தகட்டின் வடிவத்தையே அதிகம் நம்புவேன். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டு வண்ணத்தைச் சாதிக்கும் வாதங்களுக்குச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கேனும், பழைய நெகட்டிவ்களை நுணுக்கமாக ஸ்கேன் செய்யும் பணிக்குக் கிடைக்க வேண்டும். மூக்கே தெரியாத படமானால் உடலின் இடப்பக்கம் உள்ள ரேடியோ அறைக் கதவைத் தேடுங்கள்: அது ஜி ரகங்களில் இருப்பதைவிடச் சற்று மேலேயும் முன்னேயும் இருந்தால், நீங்கள் பார்ப்பது ஜி-10 அல்ல, ரேகன்ஸ்புர்க்கில் உருவான, 109-இன் மற்றொரு ரகமான கே-4.